பவானிக் கரையும் பழைய படங்களும்

நீலமலையின் அடிவாரத்தில், பவானி ஆறு மலையை விட்டிறங்கிச் சமவெளியில் பரந்து ஓடத் தொடங்கும் இடத்தில் அமைந்தது மேட்டுப்பாளையம். ஆற்றங்கரையில் வனபத்ரகாளி அம்மன் எழுந்தருளியிருக்கிறாள். பகாசுரனை வெல்லப் புறப்பட்ட பீமன் இவளை வணங்கி வரம் பெற்றான் என்பது தலவரலாறு. ஆடி மாதத்துக் குண்டம் திருவிழாவிற்குக் கொங்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து கூடுகின்றனர்.

அம்மன் என்றும் இருப்பவள். அவளைச் சூழ்ந்திருந்த கட்டடங்களும் மரங்களும் பாதைகளும் அப்படியல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூரைக் கண்டவர்கள் இன்று வந்தால் பல இடங்களை அடையாளம் காண மாட்டார்கள். அன்றைய ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று, முதியோரின் நினைவு. மற்றொன்று, மஞ்சளேறிய பழைய புகைப்படங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் மறைந்தது துலங்கும். படத்தில் உருவம் இருக்கும், பெயர் இராது. நினைவில் பெயர் இருக்கும், உருவம் மங்கியிருக்கும்.

இருப்புப்பாதை வந்த காலம்

போத்தனூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்திற்கு இரயில் வந்தது 1873-ஆம் ஆண்டில். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, இரயிலில் இங்கு வந்திறங்கியவர்கள் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் ஏறித்தான் குன்னூர் மலைப்பாதையைக் கடந்தனர். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் ஓடத் தொடங்கிற்று. 1908-இல் அப்பாதை உதகமண்டலம் வரை நீண்டது.

கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் இந்த இரயில் 2,203 மீட்டர் உயரத்தில் சென்று நிற்கிறது. 46 கிலோமீட்டர் பாதையில் 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி மேலேறும். 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

இந்த இரயிலால் நமக்கு இன்னொரு பயனும் விளைந்தது. மலைக்குச் சென்ற ஆங்கிலேயர்களுடன் புகைப்படக் கருவியும் சென்றது. உதகையில் நெடுங்காலம் வாழ்ந்து படம் எடுத்த பென் என்பவரும், சென்னையில் தொழில் நடத்திய வீலி அண்டு கிளைன் நிறுவனத்தாரும் பழைய நீலகிரியைப் படங்களில் விட்டுச் சென்றுள்ளனர். எஞ்சின், பாலம், அருவி, மாளிகை ஆகியவை அக்காலப் படங்களில் நிறையவே உண்டு. ஆற்றங்கரை அம்மனையும், அவளைத் தேடி வந்த வண்டிகளையும், குண்டம் இறங்கிய அடியார்களையும் தேடினால் அருகியே கிடைக்கும். வெளியூரார் வியந்ததை வெளியூரார் படமெடுத்தனர். நாம் தொழுததைப் படமெடுக்கும் வாய்ப்பு நமக்குப் பின்னர்தான் வந்தது.

வெள்ளைக் குதிரையில் வந்த அரங்கன்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை செல்லும் இரயில் அடுத்து நிற்கும் தலம் காரமடை. மாசி மகத் தேரும், அடியார்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடிவரும் பந்த சேவையும், தோல் பையில் நீர் சுமந்து வரும் தண்ணீர் சேவையும் இவ்வூர் அரங்கநாதப் பெருமாளுக்கே உரிய சிறப்புகள்.

இருப்புப்பாதை போட்ட காலத்தில் இக்கோயிலை இடித்து வழியமைக்க எண்ணினார் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் என்றும், அன்றிரவு அவர் கனவில் பெருமாள் வெள்ளைக் குதிரைமேல் வந்து சாட்டையால் அடித்தார் என்றும், அஞ்சிய அவர் பாதையை விலக்கி அமைத்து, மரத்தால் வெள்ளைக் குதிரை வாகனம் ஒன்றைச் செய்து காணிக்கையாக்கினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கோயில் பிழைத்தது, கதையும் பிழைத்தது. பெருமாள் வாகனத்தில் எழுந்தருளும்போது எடுத்த பழைய படங்கள் காரமடை அன்பர்களின் வீடுகளில் இருக்குமானால், அவை அக்கதைக்குத் துணை நிற்கும் செல்வங்கள்.

பேரூர்த் தூணும் கோவைக் கோட்டையும்

கொங்கு நாட்டுக் கோயிற் சிற்பம் வெளிநாட்டாரின் புத்தகத்தில் இடம்பெற்றதற்குச் சான்று, மேலைச் சிதம்பரம் எனப் போற்றப்படும் பேரூர். மதுரை நாயக்க மரபைச் சேர்ந்த அழகாத்திரி நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய கனகசபை மண்டபத்தின் தூண்களில் ஊர்த்துவ தாண்டவர், கஜசம்ஹார மூர்த்தி, ஆலங்காட்டுக் காளி, பிட்சாடனர், வீரபத்திரர் முதலிய திருவுருவங்கள் உயிர்பெற்று நிற்கின்றன. மேல்விதானத்தில் கல்லாலான சங்கிலிகள் தொங்குகின்றன.

இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை ஜேம்ஸ் பெர்கூசன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1876-இல் வெளியிட்டார். அந்நூலில் பேரூர்த் தூண் ஒன்றின் படம் உண்டு. புகைப்படத்தைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சிட்ட படம் அது. தூணின் அடியில் துப்பாக்கிக்கு மருந்து நிரப்பும் சிப்பாய் ஒருவனின் உருவத்தையும் அவர் கவனித்து, அவனுடைய உடையையும் ஆயுதத்தையும் கொண்டு மண்டபத்தின் காலத்தைக் கணிக்க முயன்றார். நாம் வலம் வருகையில் கண்ணில் படாத சிறு உருவம் வரலாற்றுக்குச் சாட்சியானது.

பேரூருக்குக் கிடைத்த நற்பேறு கோவைக் கோட்டைக்குக் கிடைக்கவில்லை. மைசூர்ப் போர்களில் 1791-ஆம் ஆண்டு திப்பு சுல்தானின் படை முற்றுகையிட்ட கோட்டை அது. உலகுக்குப் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டதோ 1839-இல். அதற்கு முன்பே கோட்டை அழிந்துபோனதால் அதற்கு ஒரு புகைப்படமும் இல்லை. இன்று கோட்டைமேடு என்ற ஊர்ப்பெயரும், கோட்டை ஈசுவரன் என்று மக்கள் அன்போடு அழைக்கும் சங்கமேசுவரர் கோயிலும்தான் அதன் நினைவுகள். மதில் மண்ணாகியும் ஈசன் அவ்விடம் விட்டு அகலவில்லை.

நகரின் காவல் தெய்வம் கோனியம்மன் சந்நிதிக்கு அருகில் 1892-இல் எழுந்த விக்டோரியா நகர மண்டபம் இன்றும் நிற்கிறது. பழைய படத்தில் அம்மண்டபத்தைக் கண்டதும் எவரும் இடத்தை அறிந்துகொள்வர். ஆனால் கோனியம்மன் கோயிலில் நாம் இன்று அண்ணாந்து தொழும் இராஜகோபுரம் இந்நூற்றாண்டில் எழுந்தது. ஆகவே கோபுரமில்லாத கோனியம்மன் கோயிலை ஒரு படத்தில் கண்டால், "இது வேறு கோயில்" என்று இளையோர் எண்ணக்கூடும். "இல்லையப்பா, நாங்கள் கும்பிட்ட கோயில் இதுதான்" என்று சொல்லக்கூடியவர்கள் இன்றைய முதியோர்கள் மட்டுமே.

நீருக்குள் ஒரு கோயில்

பவானி ஆறு மேட்டுப்பாளையத்தைக் கடந்து சிறுமுகைப் பக்கம் சென்றதும் அணையின் நீர்ப்பரப்பில் கலக்கிறது. 1948-இல் தொடங்கி 1955-இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை அது. அந்த நீரின் அடியில் டணாயக்கன் கோட்டை இருக்கிறது.

போசள மன்னன் மூன்றாம் வல்லாளனின் காலத்தில் இப்பகுதியை ஆண்ட மாதவ தண்டநாயகரின் பெயரோடு தொடர்புடையது அக்கோட்டை. தண்டநாயகன் கோட்டை என்பதே மக்கள் வழக்கில் டணாயக்கன் கோட்டை ஆயிற்று. கோவை ஆட்சியர் ஜான் சலிவனின் உதவியாளர்கள் இருவர் 1818-இல் நீலகிரி ஏறியபோது இக்கோட்டைப் பக்கமிருந்துதான் புறப்பட்டனர். கோட்டைக்குள் மாதவராயப் பெருமாள் கோயிலும் சிவாலயமும் இருந்தன. அணை எழுந்தபோது ஊர் பெயர்ந்தது. தெய்வத் திருமேனிகளும் அணைக்குக் கீழே அமைந்த புதிய கோயிலுக்கு எழுந்தருளின. கல் மண்டபங்கள் மட்டும் நீருக்குள் நின்றன.

மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் அம்மண்டபம் மெல்ல வெளியே தெரியும். அக்கம்பக்கத்தார் பரிசிலில் சென்று பார்த்து வருவதுண்டு. இப்போது காணக்கிடைக்கும் படங்களில் சேறு படிந்த தூண்களும் வெறுங்கருவறையும் இருக்கின்றன. விளக்கெரிந்த கருவறையையும், தேரோடிய வீதியையும், கோட்டை வாயிலில் நின்ற மக்களையும் காட்டும் ஒரு படம் எங்கேனும் இருந்தால் அதன் மதிப்பை அளவிட இயலாது. கீழ்பவானிப் பாசனத்தால் வளம்பெற்ற வயல்கள், அந்த ஊர்களும் கோயில்களும் செய்த தியாகத்தின் பலன். அதை நினைப்பதற்கேனும் அவ்வூர்களின் முகம் நமக்கு வேண்டும்.

படம் மீட்டுத் தந்த பரம்பொருள்

பழைய படத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணுவோர்க்கு ஓர் உண்மை நிகழ்ச்சி விடையாகும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டு முதல் தென்னாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்குச் சேர்ந்தன.

தரங்கம்பாடியை அடுத்த ஆனந்தமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்த இராமர், சீதை, இலக்குவன் திருமேனிகளை அவர்கள் 1958-இல் படமெடுத்தனர். இருபது ஆண்டுகள் கழித்து 1978-இல் அத்திருமேனிகள் களவு போயின. பல்லாண்டுகளுக்குப் பின் இலண்டனில் அவை இருப்பது தெரியவந்தபோது, "இவை எங்கள் தெய்வங்களே" என்று மெய்ப்பிக்கத் துணை நின்றது 1958-இன் கருப்பு வெள்ளைப் படம். 2020-இல் திருமேனிகள் தாய்நாடு திரும்பின. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் சிறீபுரந்தான் நடராசரும் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல் மீண்டதற்கும் அந்நிறுவனத்தின் படங்கள் சான்றாயின.

படமெடுத்தவர்கள் களவை எதிர்பார்த்து எடுக்கவில்லை. இருப்பதை இருந்தபடி பதிந்து வைத்தனர். அந்தப் பதிவே பிற்காலத்தில் காவலாயிற்று.

உங்கள் வீட்டுப் பெட்டியில்

ஆய்வு நிறுவனத்தாரால் எல்லா ஊர்களுக்கும் சென்றிருக்க முடியாது. காட்டோரத்துக் கருப்பராயன் கோயிலும், குலதெய்வக் கோயிலும், தோட்டத்து மாகாளியம்மனும் அவர்கள் படங்களில் இரா. அவை இருப்பது நம் வீடுகளில். காது குத்து, முடியிறக்கு, திருமணம், தேர்த்திருவிழா என்று எடுத்த படங்களில் நாம் பார்ப்பது நம் உறவினரின் முகங்களை. அவர்களுக்குப் பின்னால் பழைய மண்டபம் நிற்கும், ஓட்டுக் கூரை தெரியும், கொங்கு நாட்டுக் கோயில்களுக்கே உரிய உயர்ந்த விளக்குத் தூண் தெரியும், வெட்டப்பட்டுவிட்ட வேம்பு நிழல் பரப்பியிருக்கும்.

திருப்பணி என்பது புண்ணியச் செயல். ஆயினும் ஆர்வத்தில் பழமையை இழந்த கோயில்கள் பல உள்ளன. கல் மண்டபம் இருந்த இடத்தில் சிமெண்டு மண்டபம் எழுந்தது. மணலைப் பீய்ச்சிக் கல்லைத் துலக்கியதில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. திருப்பணி தொடங்கும் முன் பழைய படம் ஒன்று குழுவினர் கையில் இருந்தால், எதைக் காக்க வேண்டும், எது எங்கிருந்தது என்பது தெளிவாகும்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியிலுள்ள பழைய படங்களை ஒருநாள் பேரன் பேத்திகளோடு அமர்ந்து எடுத்துப் பாருங்கள். எந்தக் கோயில், எந்த விழா, யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஆண்டு நினைவில் இல்லையேல், "அணை கட்டியபோது", "மூத்தவள் திருமணத்துக்கு முன்" என்று குறித்தாலும் போதும். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு வைத்தே நகல் எடுப்பது நல்லது. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் மூலப்படத்தை வைத்து, நகல் ஒன்றைக் கோயிலுக்கு அளியுங்கள்.

கருவறை மூலவரைப் படமெடுக்கும் வழக்கம் நமக்கில்லை. அவரை நெஞ்சில் எழுதிக்கொள்வதே நம் மரபு. அவர் வாழ்ந்த வீட்டின் பழைய தோற்றத்தையோ காகிதம்தான் காக்க வேண்டும். காகிதத்துக்கு வாய் இல்லை. அதற்காகப் பேச வேண்டியவர்கள், அக்கோயிலை அந்நாளில் கண்ணால் கண்டு கைகூப்பிய பெரியோர்களே. பெயர் சொல்ல ஆள் உள்ளபோதே பெயர்கள் எழுதப்பட்டுவிட வேண்டும். பவானிக் கரையில் அமர்ந்து அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் வனபத்ரகாளி அதற்குத் துணை நிற்பாளாக!