ஆபீஸ் மெயில் வீட்டில் பாதியில் நிற்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அலுவலக மெயிலையும் வீட்டிலேயே பார்க்கிறார்கள். இணைய வேகம் குறைவாக இருந்தால் மெயில் பாதி இறங்கியதும் நின்றுவிடும். நாம் அனுப்பியது அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். டெண்டர் விவரம் போய்விட்டது என்று நினைத்துத் தூங்கிவிடுவோம், காலையில்தான் தெரியும். மென்பொருள் துறையில் இருக்கும் என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. உடனே புரோகிராமை நீக்கி மீண்டும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கீழே உள்ளபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. கோளாறு எங்கே?

முதலில் பிரவுசரில் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறங்கள். திறக்கவில்லை என்றால் கோளாறு இணைய இணைப்பில். திறந்தால், அலுவலகம் தந்த விபிஎன் இணைகிறதா என்று சோதியுங்கள். அதுவும் சரியென்றால் வெப்மெயிலைத் திறங்கள். வெப்மெயில் வேலை செய்து, அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ மட்டும் தகராறு செய்தால் செட்டிங்ஸைத்தான் பார்க்க வேண்டும். விபிஎன் வழியே சின்ன மெயில்கள் வந்து, பெரியவை மட்டும் எப்போதும் நிற்கின்றனவா? டேட்டா பாக்கெட்டின் அளவு காரணமாக இருக்கலாம். அலுவலக நெட்வொர்க் நிர்வாகியிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

2. அட்டாச்மெண்ட் கணக்கு

மெயிலில் ஃபைல் செல்லும்போது 3 பைட்டுகள் 4 பைட்டுகளாக மாற்றப்படுகின்றன. எனவே 10 எம்பி ஃபைல் 13 எம்பியைத் தாண்டும். 256 கேபிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 32 கேபிதான் செல்லும். ஆக, ஏழு நிமிடம் ஆகும்! நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஃபைலை அலுவலகத்தின் பொது டிரைவில் வைத்து, லிங்க்கை மட்டும் அனுப்புங்கள்.

3. காத்திருக்கும் நேரம்

சர்வர் பதில் தரத் தாமதித்தால் மெயில் புரோகிராம் இணைப்பைத் தானே துண்டித்துவிடும். கிளாசிக் அவுட்லுக்கில் பாப்3, ஐமேப் அக்கவுண்ட்டுகளுக்கு இது வழக்கமாக 1 நிமிடம். அட்வான்ஸ்ட் பகுதியில் உள்ள சர்வர் டைம்அவுட்ஸில் இதை 10 நிமிடம் வரை கூட்டலாம்.

4. பாப்3யா, ஐமேப்பா?

இதில் கவனம் தேவை. பாப்3 முறையில் மெயில்களை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கியபின் சர்வரிலிருந்து அழித்துவிடும்படி செட்டிங் இருக்கலாம். மறுநாள் அலுவலகத்தில் இன்பாக்ஸ் காலியாக இருக்கும்; வீட்டு ஹார்ட் டிஸ்க் கெட்டால் மெயில்களும் போயின. சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கும் ஆப்ஷனை அவசியம் டிக் செய்திடுங்கள். முடிந்தால் ஐமேப்புக்கு மாறுங்கள். அதில் மெயில்கள் சர்வரிலேயே இருக்கும். முதலில் தலைப்புகளை மட்டும் இறக்கி, வேண்டியதை மட்டும் திறக்கலாம்.

அலுவலகத்தில் எக்ஸ்சேஞ்ச் சர்வர் என்றால், கிளாசிக் அவுட்லுக்கில் கேச்டு எக்ஸ்சேஞ்ச் மோடைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாத மெயில்களை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அமையுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும், இறங்கிய மெயில்களைத் தடையின்றிப் படிக்கலாம்.

அவசர மெயில் என்றால் அட்டாச்மெண்ட் இல்லாமல் வெப்மெயிலில் அனுப்புங்கள். அது சென்ட் ஃபோல்டரில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கம்ப்யூட்டரை அணையுங்கள்.