உங்களுக்குத் தெரியுமா? குப்புற விழுவதில் பந்தயம் இல்லை!

● பெரும்பாலான குழந்தைகள் 4 முதல் 6 மாதத்துக்குள் குப்புற விழுந்துவிடும். முதலில் கழுத்து நிற்க வேண்டும். பிறகு ஒரு கால் மறு காலைத் தாண்டி விழும், இடுப்பு திரும்பும், கடைசியில் அடியில் மாட்டிய கை வெளியே வரும்.

● வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிவதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். அந்த முதல் புரளலைப் பல வீடுகளில் ஆயாதான் பார்க்கிறார்.

● இந்தியா (தெற்கு தில்லி) உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கு: பிடிமானமின்றி உட்கார 3.8 முதல் 9.2 மாதம், தனியே நடக்க 8.2 முதல் 17.6 மாதம். சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை!

● குறைமாதக் குழந்தையா? பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

● விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே இருங்கள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான். கட்டிலில் தனியே விடவே கூடாது.

● 9 மாதத்தில் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, ஒரு பக்கக் கை காலை மட்டுமே அசைக்கிறது, கற்றதை மறக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். வேலூரின் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ உடனே காட்டுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.