தொட்டிச் செடியும் வேரின் மூச்சும்

மும்பையின் மாடிக் குடியிருப்புகளிலும், கொல்கத்தாவின் மொட்டைமாடிகளிலும், தில்லியின் தாழ்வாரங்களிலும் துளசி, கீரை, மிளகாய், தக்காளி முதலிய செடிகளைத் தொட்டிகளில் வளர்ப்போர் பலர். இரண்டு சதுர அடி இடமும் போதிய வெயிலும் இருப்பின் ஒரு குடும்பம் அவ்வப்போது கீரை பறித்துக்கொள்ளலாம். எனினும், ஆர்வத்தோடு தொடங்கும் இம்முயற்சி பல வீடுகளில் சில வாரங்களில் கைவிடப்படுகிறது. செடி வாடியதும் நீர் போதவில்லை எனக் கருதி மேலும் நீர் ஊற்றுவர், செடி மடிந்துவிடும். இதன் காரணத்தை அறிந்தால் இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வேரும் சுவாசிக்கிறது

இலையைப் போலவே வேருக்கும் பிராணவாயு தேவை. மண்துகள்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளில் நிற்கும் காற்றிலிருந்து வேர் அதனைப் பெறுகிறது. அவ்விடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறும். ஏனெனில், நீரினுள் பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கேயாகும். செயலிழந்த வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே, சேற்றில் நிற்கும் செடியும் வறட்சியில் நிற்கும் செடியைப் போலவே வாடிக் காணப்படும்.

வடிகால் நன்கமைந்த வயலில் மேல்மண்ணின் மிகுதி நீரைக் கீழ்மண் இழுத்துக்கொள்கிறது. தொட்டியிலோ மண்ணின் தொடர்ச்சி அடித்தட்டோடு அறுந்துவிடுகிறது. அடியில் துளை இருந்தபோதிலும், நுண்புழைக் கவர்ச்சியால் ஓரளவு நீர் அடிமண்ணில் தங்கிவிடும். அந்த நனைந்த அடுக்கின் உயரத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது மண்துகளின் பருமன். தொட்டியின் உயரம் அன்று. எனவேதான், ஆழங்குறைந்த தொட்டியில் மண்ணின் பெரும்பகுதி ஈரமாகவே நிற்கிறது.

இதனை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். செவ்வக வடிவப் பஞ்சு ஒன்றை நீரில் தோய்த்துக் கிடையாகப் பிடிக்க வேண்டும். நீர் சொட்டுவது நின்றபின் அதனை நீளவாட்டில் நிமிர்த்தினால் மீண்டும் நீர் வடியும். பஞ்சு மாறவில்லை; அதன் உயரமே மாறியது. தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்னும் கருத்தும் சரியன்று. கல்லடுக்கு, நனைந்த மண்ணை மேலே உயர்த்தி வேருக்கு அருகில் கொண்டுவருகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தால் போதும்.

மண் கலவை

வயல் மண்ணை மட்டும் நிரப்பினால் அது விரைவில் இறுகும். மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலப்பது நன்று. மொட்டைமாடியில் எடையையும் கருத வேண்டும்: 20 லிட்டர் ஈர மண் 30 கிலோகிராமுக்கும் மிகும். எடையைக் குறைக்கத் தென்னை நார்க்கழிவு உதவும். அதில் உப்பு மிகுந்திருப்பின் நன்கு கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், நார்க்கழிவை நுண்ணுயிர்களால் நொதிக்கச்செய்து வளர்ப்பு ஊடகமாக்கும் முறையை வகுத்துள்ளது. ஊற்றும் நீரோடு சத்துகளும் வடிந்துபோவதால், எருவைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதே தக்கது.

நீர் ஊற்றும் வேளை

ஆங்கில விஞ்ஞானி ஸ்டீபன் ஹேல்ஸ், 1724-ஆம் ஆண்டில் தொட்டிச் சூரியகாந்தி ஒன்றின் மண்பரப்பை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் சராசரியாக 20 அவுன்சு நீரை அச்செடி வெளியிட்டதாக அவர் கண்டார். வீட்டில் தராசு வேண்டுவதில்லை. நீர் ஊற்றியதும் சிறு தொட்டியை ஒருமுறை தூக்கி அதன் பளுவை அறிந்துகொண்டால், பின்னர் இலேசானதும் தெரியும். பெரிய தொட்டியில் விரலை இரண்டு அங்குலம் ஆழம் செலுத்தி ஈரம் பார்க்கலாம். உலர்ந்திருந்தால் மட்டும், துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும்.

வடிந்த நீர் தட்டில் தேங்கலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில் முட்டையிட்டு, வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் வளர்ச்சியடைகிறது. அதன் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே, வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. வீடுதோறும் செல்லும் கள ஊழியர்கள் செடியைப் பார்க்கும்போதே அதன் அடியிலுள்ள தட்டையும் பார்ப்பது நலம்.

பள்ளிகளில் துளையுள்ள தொட்டி ஒன்றிலும் துளையற்ற தொட்டி ஒன்றிலும் ஒரே மண்ணில் ஒரே நாளில் கீரை விதைத்து, ஒரே அளவு நீரைத் தாராளமாக ஊற்றி வரலாம். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பிடுங்கி வேர்களை மாணவர் ஒப்பிடட்டும். வெண்ணிறமாகக் கிளைத்த வேருக்கும் பழுப்பேறி அழுகிய வேருக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் நினைவில் நிற்கும்.