கிதார் பெடலும் வேண்டாத ரீங்காரமும்

கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளைப் பெடல் என்கிறோம். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும். மற்றொன்று எதிரொலி கூட்டும். பெரும்பாலானவற்றுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் போதும். மின்கலத்தில் இயக்கினால் ஒலி பளிங்குபோல் இருக்கும். அதே பெட்டியைச் சுவர் மின்சாரத்தோடு அடாப்டர் வழியே இணைத்ததும், வாசிப்பவர் கையை எடுத்த பின்னும் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஒலி முனகிக்கொண்டே இருக்கும். சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து இசைக்குழு பெடல்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாசித்ததன் காரணம் இதுவே. இவ்வாண்டு விழாவுக்குள் சங்கப் பணத்தில் விலையுயர்ந்த மின்பெட்டியொன்று வாங்கலாமென்று செயற்குழுவில் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. வாங்குமுன் நோய் எதுவென்று பார்த்துவிடுதல் நலம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. டிரான்ஸ்பார்மர் அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. நான்கு டையோடுகள் சேர்ந்து, கீழ்நோக்கும் பாதி அலையையும் மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றன. ஆகவே வினாடிக்கு 100 மேடுகள் கிடைக்கின்றன. இந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்வது கண்டென்சரின் வேலை. நாம் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொள்வது போலத்தான்: குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியின் அடியிலிருந்து சீராக எடுக்கலாம். ஆனால் தொட்டியின் மட்டம் சற்று ஏறி இறங்கத்தானே செய்யும்? 1000 மைக்ரோபாரட் கண்டென்சரிலிருந்து 100 மில்லிஆம்பியர் எடுத்தால், அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1 வோல்ட். கிதாரின் கம்பியிலிருந்து பிறக்கும் மின்னழுத்தமோ ஒரு வோல்ட்டில் சிறு பங்கு. கரகரப்புப் பெடல் எதையும் பன்மடங்கு பெருக்குவது. அதற்கு இசையும் ஒன்றுதான், இரைச்சலும் ஒன்றுதான்.

வினாடிக்கு 100 அலைவு என்பது கிதாருக்கு அந்நியமான சுருதியும் அன்று. அதன் மிகத் தடித்த கம்பியை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டினால் பிறப்பது 98 அலைவு. ரீங்காரம் கேட்கும்போது இந்தச் சுரத்தை மீட்டிப் பாருங்கள். இரண்டும் மோதி, வினாடிக்கு இரு முறை விம்மி அடங்குவதைக் காதாலேயே கேட்கலாம். இசையின் எல்லைக்குள்ளேயே இரைச்சல் குடியிருப்பதால், அதை மட்டும் வடிகட்டி எறிய முடிவதில்லை; வடிகட்டினால் கம்பியின் கனமும் சேர்ந்து போய்விடும். அமெரிக்க நூல்களில் 120 என்று எழுதியிருப்பார்கள். அங்கே மின்சாரம் 60 அலைவு. அந்தக் கணக்கு நமக்கு உதவாது.

மேடுபள்ளத்தை நிரவ, 7809 என்னும் மூன்று கால் கொண்ட சீராக்கி மலிவாகக் கிடைக்கிறது. அது தன் உணவில் உள்ள அலைவை ஆயிரத்திலொரு பங்குக்கும் கீழே அமுக்கிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: 9 வோல்ட் தர வேண்டுமானால் அதற்கு எந்நேரமும் 11 வோல்ட்டுக்குக் குறையாமல் ஊட்ட வேண்டும். இங்கேதான் பலருடைய பெட்டிகள் தவறிவிடுகின்றன. 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் அலையின் உச்சி 12.7, டையோடுகள் 1.4 தின்றுவிட, மீதி 11.3. அதில் 1 வோல்ட் பள்ளம் விழுந்தால் 10.3. ஒவ்வொரு பள்ளத்திலும் சீராக்கி கைவிட்டுவிட, ரீங்காரம் மறுபடி தலைகாட்டுகிறது. கோடை மாலையில் விடுதியின் மின்னழுத்தம் 200க்கு இறங்கினால் உச்சியே 9.6 அளவுதான். பகலில் ஒழுங்காக இருந்த பெடல் இரவில் முனகுவதன் மர்மம் இதுவே. பெரிய கண்டென்சர் போடச் சொல்வார்கள். உச்சியே எட்டாதபோது தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரே மருந்து. அதில் 200 வோல்ட் வந்தாலும் பள்ளம் 12.3க்குக் கீழே போவதில்லை. கண்டென்சர் 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். இவை சென்னை ரிச்சி தெருவிலும், தில்லியில் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சுவர் மின்சாரம் தொடும் பகுதியை மட்டும் தொழில் தெரிந்தவர் முன்னிலையில் கட்டுக. ப்யூஸ் இன்றி எதையும் செருக வேண்டாம்.

அடாப்டர் குற்றமற்றதாயிருந்தும் இரைச்சல் வருவதுண்டு. ஒரே அடாப்டரிலிருந்து மாலை தொடுத்தாற்போல் நான்கைந்து பெடல்களுக்குக் கம்பி இழுப்பது வழக்கம். அடுத்தடுத்த இரு பெடல்களைப் பாருங்கள். அவற்றின் எதிர்முனைகள் மின்கம்பி வழியாகவும் இணைந்திருக்கின்றன. இசையைக் கொண்டுசெல்லும் கேபிளின் வெளியுறை வழியாகவும் இணைந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் இவ்வளையத்தில் ஊடுருவி மின்னோட்டத்தைத் தூண்டும். அன்றியும், டிஜிட்டல் எதிரொலிப் பெடல் துடித்துத் துடித்து இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி கேபிள் உறை வழியே திரும்பும். கீச்சென்ற மெல்லிய ஒலி அதனால் வருவது. விலையுயர்ந்த மின்பெட்டிகளில் ஒவ்வொரு பெடலுக்கும் தொடர்பற்ற தனித்தனிச் சுருள் வைத்திருப்பதன் நோக்கம் இந்த வளையத்தை அறுப்பதே. டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்தாலே முக்கால் பங்கு தொல்லை தீர்ந்துவிடக் காண்கிறோம்.

சோதிக்கும் முறை எளிது. முதலில் பெடல்களை விலக்கி, கிதாரை நேரே ஒலிபெருக்கியில் மாட்டுக. அப்போதும் ரீங்காரம் இருந்து, கிதாரோடு நீங்கள் திரும்பத் திரும்ப அது கூடிக் குறைந்தால், குற்றம் கிதாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பினுடையது. கிப்சன் நிறுவனத்துச் சேத் லவர் 1955இல், எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களை இணைத்துப் பிக்கப் அமைத்தது இதற்காகத்தான். அடுத்து, ஒரே ஒரு பெடலை மின்கலத்தில் இயக்குக. பின்பு அதையே அடாப்டரில். இப்போது ரீங்காரம் பிறந்தால் அடாப்டர்தான் குற்றவாளி. இரண்டாவது பெடலை அதே அடாப்டரில் மாட்டியதும் பிறந்தால் வளையம். பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். நம் குழுவின் பெட்டிகளையும் இப்படிப் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டால் ரீங்காரம் போய்விடும் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். சில வேளை போகவும் போகும். ஆனால் கிதாரின் கம்பிகள் உலோகம். கேபிளின் உறை வழியாக அவை ஒலிபெருக்கியின் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. உள்ளே ஏதேனும் பழுதாகி 230 வோல்ட் சட்டத்தைத் தொட்டால், எர்த் இருக்கும்போது ப்யூஸ் எரியும். எர்த் இல்லாதபோது அது வாசிப்பவரின் விரல் வழியே, அவர் முன்னாலுள்ள மைக்கின் உலோகத்தை நாடும். கம்பியைத் தொட்டால் இலேசாகச் சுரீரென்கிறதா? விடுதிச் சுவரில் எர்த் வேலை செய்கிறதாவென்று எலெக்ட்ரீஷியனை அழைத்து அன்றே பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பிளக் பாயிண்டில் வாசிக்க வேண்டாம்.