இருபது புள்ளியும் ஏழு மின்னலும்

‘பர்ன்’ என்பது ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் ஏறக்குறைய ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே வாழ்ந்துவரும் டெக், அதாவது சீட்டுத் தொகுப்பு. எதிராளிக்கு ஆட்டத் தொடக்கத்தில் 20 உயிர்ப்புள்ளிகள் இருக்கும். அவர் தன் திட்டத்தைச் செயல்படுத்தத் தொடங்குவதற்குள் அந்த இருபதையும் எரித்துவிடுவதுதான் இந்த டெக்கின் வேலை. களத்தைப் பிடிப்பது, எதிராளி போடும் சீட்டுகளை முறியடிப்பது, நீண்ட ஆட்டத்துக்குச் சேர்த்துவைப்பது எல்லாம் இதற்கு இரண்டாம்பட்சம். யோசிக்கத் தெரியாதவர்கள் ஆடுவது என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சீட்டாட்ட உத்திகளில் இவ்வளவு தெளிவான கணக்கின்மேல் நிற்பவை மிகச் சிலவே. கணக்கு எளிது என்பதால் ஆடுவதும் எளிது என்று ஆகிவிடாது.

ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த ஆட்டத்தை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. ஒவ்வொருவரும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட டெக்கைத் தாமே தொகுத்துக் கொண்டுவர வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர, ஒரே சீட்டை நான்குக்கு மேல் சேர்க்கக் கூடாது. கையில் ஏழு சீட்டுகளோடு ஆட்டம் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுக்கலாம், ஒரு நிலம் இறக்கலாம். நிலம்தான் ‘மானா’ தரும். மற்றச் சீட்டுகளை ஆட மானாதான் செலவு. எனவே முதல் முறையில் ஒரு மானா, இரண்டாம் முறையில் இரண்டு என்று வலிமை படிப்படியாகத்தான் ஏறும். பெரிய சீட்டுகளை நம்பும் டெக்குகள் அந்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரம்தான் பர்ன் டெக்கின் வேட்டைக்காலம்.

இனி கணக்கு. ‘லைட்னிங் போல்ட்’ என்ற சிவப்புச் சீட்டுக்கு ஒரு மானா செலவு; அது 3 புள்ளி சேதம் செய்யும். 20-ஐ 3-ஆல் வகுத்தால் ஏழு போல்ட் போதும், ஒரு புள்ளி மிச்சம்கூட இருக்கும். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் சீட்டு எடுப்பதில்லை. ஆகவே நான்காம் முறைக்குள் அவர் பார்ப்பது பத்துச் சீட்டுகள். இரண்டாவதாக ஆடுபவர் பார்ப்பது பதினொன்று. 60 சீட்டில் 20 நிலம் என்றால், பத்தில் சராசரியாக மூன்று சொச்சம் நிலமாக வரும். மீதி ஏறக்குறைய ஏழு சீட்டுகள். ஏழும் சராசரியாக 3 புள்ளி அடித்தால் எதிராளி நான்காம் முறையில் முடிந்துபோவார். மூன்று நிலமே வந்தாலும் நான்கு முறைகளில் 1, 2, 3, 3 என்று மொத்தம் ஒன்பது மானா கிடைக்கிறது. ஒரு மானா, இரண்டு மானாச் சீட்டுகள் ஏழை ஆட அது அநேகமாகப் போதும். பர்ன் டெக்கில் எந்தச் சீட்டைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்வதும் இதே அளவுகோலால்தான்: குறைந்த மானாவில் 3 புள்ளி அடிக்குமா? அடிக்காது என்றால், வேறு எவ்வளவு சிறப்பு இருந்தாலும் அதற்கு இங்கே இடமில்லை.

இந்தச் சிந்தனை ஒரே நாளில் உருவாகவில்லை. தொடக்க ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த, மானாச் செலவு கூடிய சீட்டுகளையே டெக்கில் திணித்தார்கள். 1996-இல் அட்லாண்டாவில் நடந்த தகுதிச் சுற்றில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வகுத்த ஒரு சிவப்பு டெக்கோடு இரண்டாம் இடம் பிடித்தார். அந்த டெக்கில் இருந்த ‘ஐயர்ன்க்ளா ஆர்க்ஸ்’ போன்ற சீட்டுகளை அதுவரை பலர் சீந்தியதே இல்லை. அதன் பலம் தனிச் சீட்டுகளில் இல்லை; முதல் முறையில் ஒரு மானா, இரண்டாம் முறையில் இரண்டு மானா என்று எந்த முறையிலும் மானா வீணாகாதபடி செலவுகளை அடுக்கியிருந்ததில் இருந்தது. இன்று எந்த டெக்கை அமைப்பவரும் ‘மானா கர்வ்’ என்ற இந்தச் செலவு அடுக்கைப் பார்க்கிறார் என்றால், அந்தப் பழக்கத்துக்குப் பெரிதும் வழிவகுத்தது இந்த டெக்தான். அதே மரபில் வந்த ஒரு சிவப்பு டெக்கைக் கொண்டு டேவிட் பிரைஸ் 1998-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ‘புரோ டூர்’ என்ற தொழில்முறைப் போட்டியை வென்றார். ஒரு மானாவில் வரும் ‘ஜாக்கல் பப்’ அதில் முக்கியமான சீட்டு. அதற்கு விழும் அடி அதை வைத்திருப்பவருக்கும் விழும். அப்படிப்பட்ட குறையை ஏற்றுக்கொண்டாவது வேகத்தை வாங்கலாம் என்ற துணிச்சலை பர்ன் அங்கிருந்துதான் பெற்றது.

2011-இல் தொடங்கிய ‘மாடர்ன்’ போட்டி முறை, 2003-இல் வந்த எட்டாம் பதிப்பு முதலான சீட்டுகளை அனுமதிக்கிறது. பர்ன் முழு வடிவம் பெற்றது இங்கேதான். போல்ட்டோடு ‘லாவா ஸ்பைக்’, ‘ரிஃப்ட் போல்ட்’, வெள்ளை நிறத்தையும் துணைக்கு அழைக்கும் ‘லைட்னிங் ஹீலிக்ஸ்’, இரண்டு மானாவில் 4 புள்ளி அடிக்கும் ‘போரோஸ் சார்ம்’ ஆகியவை இதில் அணிவகுக்கும். ஆனால் ஒரு முறை அடித்துவிட்டுக் கழிவுக் குவியலுக்குப் போகும் சீட்டுகள் மட்டும் போதுமானவை அல்ல. களத்தில் நின்று மீண்டும் மீண்டும் தாக்கும் சில உயிரினச் சீட்டுகள், அதாவது கிரீச்சர்கள்தான் கணக்கை முன்கூட்டியே முடித்துவைக்கின்றன.

‘காப்ளின் கைடு’ அவற்றில் பெயர்பெற்றது. ஒரு மானா, 2 புள்ளி அடி, இறங்கிய முறையிலேயே தாக்கும். முதல் முறையில் இறங்கி யாரும் தடுக்காவிட்டால் நான்காம் முறைக்குள் அது ஒன்றே 8 புள்ளிகளைத் தின்றுவிடும். அதற்கு ஒரு விலை உண்டு: அது தாக்கும்போதெல்லாம் எதிராளி தன் கட்டின் மேல்சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும், அது நிலமாக இருந்தால் அவர் கைக்குப் போகும். எதிராளிக்குச் சீட்டை இலவசமாகக் கொடுப்பது மற்ற டெக்குகளுக்குப் பெரும் பாவம். பர்ன் அதைப் பொருட்படுத்துவதில்லை. இறக்க நேரம் இல்லாமல் கையில் தேங்கிக் கிடக்கும் சீட்டால் தோற்பவருக்கு என்ன பயன்?

‘மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர்’ வேறு வகை. அதன் அடி வெறும் 1. ஆனால் அதன் உரிமையாளர் கிரீச்சர் அல்லாத ஒரு சீட்டை ஆடும் ஒவ்வொரு தடவையும் அந்த முறை முடியும்வரை அதன் பலம் ஒன்று கூடும். முதல் முறையில் அது இறங்கி 1 புள்ளி அடித்துவிட்டது என்று கொள்வோம். இரண்டாம் முறையில் இரண்டு மானா. தாக்குதலுக்கு முன் லாவா ஸ்பைக். பிறகு ஸ்விஃப்ட்ஸ்பியர் தாக்குகிறது. எதிராளி தடுக்கவில்லை என்று உறுதியானதும் போல்ட். இரண்டு சீட்டும் சேர்ந்து 6, மூன்றாக வளர்ந்துவிட்ட கிரீச்சர் 3. இரண்டே முறைகளில் எதிராளியின் 20-இல் பாதி போய்விட்டது. அதே சீட்டுகளைத் தாக்குதல் முடிந்த பிறகு ஆடியிருந்தால் 2 புள்ளி வீண். இந்த டெக்கில் தோல்விகள் பலவும் இப்படி ஒன்றிரண்டு புள்ளிகள் ஒழுகிப்போனதால் வருபவையே.

மூன்றாவது கிரீச்சரான ‘ஐடோலன் ஆஃப் தி கிரேட் ரெவல்’ இருபுறமும் கூரான கத்தி. மூன்று மானாவோ அதற்குக் குறைவாகவோ செலவாகும் சீட்டை யார் ஆடினாலும் ஆடியவருக்கு 2 புள்ளி அடி. மாடர்னில் புழங்கும் சீட்டுகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் வருவதால் எதிராளிக்கு மூச்சு முட்டும். ஆனால் பர்ன் டெக்கின் சீட்டுகளும் அநேகமாக எல்லாமே வரம்புக்குள்தான். உயிர்ப்புள்ளியில் முந்தி நிற்கும்போது இதை இறக்கலாம். பின்தங்கியிருக்கும்போது இறக்கினால் தன் குழியைத் தானே தோண்டியதாகிவிடும்.

எதிராளியும் தன்னை அறியாமல் உதவுகிறார். மாடர்னில் பல நிற டெக்குகள் ‘ஃபெட்ச்’ நிலங்களை நம்புகின்றன. 1 புள்ளியைக் கொடுத்து அதைக் களைந்தால் கட்டிலிருந்து வேறொரு நிலத்தைத் தேடி எடுக்கலாம். அப்படி எடுக்கும் ‘ஷாக்’ நிலம் உடனே பயன்பட வேண்டுமானால் இன்னும் 2 புள்ளி கொடுக்க வேண்டும். ஆக, ஒரு நிலத்தை இறக்க 3 புள்ளி, அதாவது ஒரு லைட்னிங் போல்ட். இப்படி ஒருமுறை செய்தவருக்கு எதிராக ஏழு போல்ட் தேவையில்லை, ஆறே போதும். அனுபவமுள்ளவர்கள் பர்ன் எதிரே இருப்பது தெரிந்தால் நிலத்தை வலியில்லாமல் எடுக்க வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். அந்தத் தாமதமும் பர்னுக்கு லாபமே.

சீட்டை எப்போது ஆடுவது என்பதில்தான் தேர்ந்த கை தெரியும். ‘சியரிங் பிளேஸ்’ எதிராளிக்கு 1, அவர் கிரீச்சர் ஒன்றுக்கு 1 என்று அடிக்கும். அதே முறையில் ஆடுபவரின் பக்கம் ஒரு நிலம் இறங்கியிருந்தால் இரண்டும் 3 ஆகும். எனவே கைதேர்ந்தவர் ஃபெட்ச் நிலத்தை இறக்கிவிட்டுக் களையாமல் வைத்திருப்பார். எதிராளி தன் முறையில் கிரீச்சரை இறக்கியதும் அதைக் களைந்து, புது நிலம் வந்த கையோடு சியரிங் பிளேஸை ஆடுவார். ‘ஸ்கல்கிராக்’ இன்னொரு உதாரணம். அது 3 புள்ளி அடிப்பதோடு அந்த முறையில் யாரும் உயிர்ப்புள்ளி ஏற்ற முடியாமலும் செய்கிறது. கையில் வந்தவுடன் அவசரப்பட்டு ஆடினால் அது வெறும் 3 புள்ளி. எதிராளி 4 புள்ளி ஏற்றும் சீட்டை ஆடிய கணத்தில் பதிலாக ஆடினால், அதன் மதிப்பு 7.

எதை அடிப்பது என்ற கேள்வி இதைவிடக் கடினம். களத்தில் நிற்கும் கிரீச்சர் மேல் போல்ட்டை வீசுவதா, நேராக எதிராளி மேலா? எப்போதும் எதிராளியையே அடி என்பது புதியவர்களுக்குச் சொல்லப்படும் விதி. அது பாதி உண்மை. மைக் ஃப்ளோரஸ் 1999-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் கேள்வியின் வேரைத் தொட்டது: ஒரே மாதிரி இரு டெக்குகள் மோதும்போது ஒருவர் தாக்குபவராகவும் மற்றவர் தாக்குப்பிடிப்பவராகவும் இருந்தாக வேண்டும், தன் பாத்திரம் எது என்று தவறாகக் கணித்தவர் தோற்பார். பர்ன் தன்னைவிட வேகமான கிரீச்சர் டெக்கைச் சந்தித்தால் முதல் சில போல்ட்டுகள் கிரீச்சர்களுக்கே போக வேண்டும். ஒரு கிரீச்சர் இனி எத்தனை புள்ளி அடிக்கும், அதை விட்டுவைத்தால் தனக்கு எத்தனை முறைகள் மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அந்த முடிவின் உச்சம் 2006-இல் ஹொனலூலு புரோ டூரின் அரையிறுதியில் நடந்தது. கிரெய்க் ஜோன்ஸ் ஆடியது முழு பர்ன் டெக் அல்ல. கிரீச்சர்களோடு சிவப்புத் தீச்சீட்டுகளும் கலந்தது. எதிரே ஒலிவியே ரூவல். அடுத்த முறை வந்தால் ஜோன்ஸின் கதை முடிந்துவிடும் நிலை. கையில் 4 புள்ளி அடிக்கும் ‘சார்’ சீட்டு இருந்தது. அதைக் கிரீச்சர் மேல் செலவழித்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் வெல்ல வழியில்லை. ஜோன்ஸ் அதை ரூவல் மேலேயே வீசி அவரை 3 புள்ளிக்கு இறக்கினார். அடுத்து எடுத்த சீட்டு லைட்னிங் ஹீலிக்ஸ், சரியாக 3 புள்ளி. அதிர்ஷ்டம் என்று பலர் நினைவுகூர்வது அந்த ஹீலிக்ஸைத்தான். ஆனால் மெச்ச வேண்டியது அதற்கு முந்தைய ஆட்டம். ஹீலிக்ஸ் வந்தால் வெல்லக்கூடிய இடத்தில் அவர் தன்னை முன்பே நிறுத்தியிருந்தார்.

டெக்கின் பலவீனமும் அதே கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. 20 நிலம் உள்ள டெக்கில் முதல் ஏழு சீட்டுகளில் இரண்டோ மூன்றோ நிலம் வர 59 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு நிலமோ நிலமே இல்லாமலோ வர ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மோசமான கையைத் திருப்பிக் கொடுத்துப் புதிதாக எடுக்கலாம். 2019-இல் வந்த விதிப்படி மறுபடி ஏழு சீட்டு பார்த்துவிட்டு ஒன்றைக் கட்டின் அடியில் வைக்க வேண்டும். மற்ற டெக்குகளுக்கு அது சின்ன இழப்பு. பர்னுக்கோ ஒரு சீட்டு என்பது 3 புள்ளி. மாறாக, நிலம் மட்டும் வரிசையாக வந்தால் ஒவ்வொன்றும் பூச்சியப் புள்ளி. சீட்டுகளை மிகுதியாக எடுத்துத்தரும் வசதி இந்த டெக்கில் கிடையாது என்பதால் ஆறாம், ஏழாம் முறைக்கு நீளும் ஆட்டம் கையைவிட்டு நழுவத் தொடங்கும்.

மூன்று ஆட்டங்கள் கொண்ட மோதலில் முதல் ஆட்டம் முடிந்ததும் 15 சீட்டுகள் கொண்ட ‘சைட்போர்டு’ திறக்கும். எதிராளி அப்போது மருந்து கொண்டுவருவார். ‘லேலைன் ஆஃப் சாங்டிட்டி’ தொடக்கக் கையில் இருந்தால் இலவசமாகக் களத்தில் இறங்கி, அவரை எந்தச் சீட்டும் குறிவைக்க முடியாமல் செய்துவிடும். கிரீச்சர்களின் தாக்குதலும் ஐடோலனின் அடியும் மட்டுமே அதைத் தாண்டிச் செல்லும். ‘கோர் ஃபயர்வாக்கர்’ சிவப்பால் தொட முடியாதது. யார் சிவப்புச் சீட்டு ஆடினாலும் தன் உரிமையாளருக்கு 1 புள்ளி ஏற்றும். அது நிற்கும்வரை ஒவ்வொரு போல்ட்டும் 2 புள்ளிதான். அதை அகற்ற வெள்ளைச் சீட்டான ‘பாத் டு எக்ஸைல்’ வேண்டும். பர்ன் வெள்ளையைத் துணைநிறமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘மாடர்ன் ஹொரைசன்ஸ்’ தொகுப்புகள் 2019, 2021, 2024 ஆண்டுகளில் வந்து மாடர்னின் வேகத்தையும் சீட்டுகளின் பலத்தையும் ஒருசேர உயர்த்தின. 2023-இல் வந்த ‘தி ஒன் ரிங்’ இறங்கியதும் தன் உரிமையாளரை அவருடைய அடுத்த முறைவரை எல்லாவற்றிலிருந்தும் காத்தது. நான்கு முறைகளில் முடிக்க நினைக்கும் டெக்குக்கு ஒரு முறை முழுதாகப் பறிபோவது சாதாரண இழப்பா? 2024 டிசம்பரில் அந்தச் சீட்டு மாடர்னில் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் ஒரு காலத்தில் எந்தப் போட்டியிலும் தவறாமல் எதிர்பார்க்கப்பட்ட பர்ன், அங்கே பழைய இடத்தில் இல்லை.

‘காமன்’ எனப்படும் சாதாரணத் தரச் சீட்டுகளை மட்டுமே அனுமதிக்கும் ‘பாப்பர்’ போட்டி முறையில் அதே உத்தி இன்னொரு ஆயுதத்தோடு ஆடப்படுகிறது. அங்கே 1997-இல் வந்த ‘ஃபயர்பிளாஸ்ட்’ உண்டு. மானாவே கொடுக்காமல், தன் இரண்டு மலை நிலங்களைப் பலியிட்டு 4 புள்ளி அடிக்கலாம். எதிராளிக்கு 10 புள்ளி, இவரிடம் இரண்டே மலைகள், கையில் இரண்டு போல்ட்டும் ஒரு ஃபயர்பிளாஸ்ட்டும் என்று கொள்வோம். முதலில் மலைகளிலிருந்து மானா எடுத்து இரண்டு போல்ட் ஆட வேண்டும். பிறகு மானா தீர்ந்துபோன அதே மலைகளைப் பலியிட்டு ஃபயர்பிளாஸ்ட் ஆட வேண்டும். 3, 3, 4 என்று பத்தும் முடிந்துவிடும்.