நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே

புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் புறப்படுகிறவர், கடைக்குப் போகுமுன் கூடத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்து, பெட்டியை மாட்டப்போகும் சுவருக்கும் தாம் வழக்கமாக அமரும் நாற்காலிக்கும் இடையே எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டு போவாரானால், விற்பனையாளர் அடுக்கும் எண்களின் முன் திகைத்து நிற்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.

அவ்வெண்களின் தாத்பரியம் எளியது. 'ஃபுல் எச்டி' திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக, ஏறக்குறைய 20 லட்சம் ஒளிப்புள்ளிகள். '4கே' திரையில் இரு திசையிலும் அது இரட்டித்து, மொத்தம் 83 லட்சமாகிறது. புள்ளி நான்கு மடங்கானால் தெளிவும் நான்கு மடங்காகும் என்று நம்புவது இயல்பே. ஆனால், ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்குக்கும் குறைந்த கோணத்தில் நெருங்கி நிற்கும் இரு புள்ளிகளைச் சாதாரணமான நல்ல கண் பிரித்தறிவதில்லை என்பது, கண் மருத்துவர் சுவரில் தொங்கவிடும் எழுத்துப் பலகைக்கே அஸ்திவாரமான கணக்கு. 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்தவருக்கு அது தனித்துத் தோன்றாது. 55 அங்குலத்துக்கு அந்த எல்லை ஏழடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. கூரிய பார்வையுள்ள இளைஞர்களுக்கு இது சற்று நீளலாம். பத்தடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் கிடக்கும் பெரியவருக்கு நீளாது.

கடையிலோ மயில் தோகையும் பனித்துளியும் பிரத்தியேகமாகப் படமெடுக்கப்பட்டு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, நாம் இரண்டடியில் நின்று வியக்கிறோம். வீட்டில் அவ்வளவு நெருங்கி யார் பார்க்கிறார்கள், குழந்தைகளைத் தவிர? மேலும், வீட்டுக்குக் கேபிள் வழியே வரும் சாதாரண சேனலில் இருப்பவை 720-க்கு 576 என்ற கணக்கில் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகளே. மீதியைப் பெட்டி தன் யுக்தியால் இட்டு நிரப்ப வேண்டும். மலிவான பெட்டிகளில் அந்த யுக்தி போதாமல் சீரியல் நாயகியின் முகம் மெழுகு பூசியதுபோல் வழவழத்துவிடுகிறது. சோறு அதே அளவாயிருக்க இலையை மட்டும் பெரிதாக்கிய விருந்து அது. நெட்ஃபிளிக்ஸில் 4கே காண்பதற்கோ, அதன் உயர்ந்த சந்தாவோடு விநாடிக்கு 15 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பும் வேண்டும். ஃபுல் எச்டிக்கு 5 போதும்.

இதனால் 4கே வீண் என்பது என் அபிப்பிராயமன்று. 55 அங்குலமும் அதற்கு மேலுமான பெட்டிகள் இப்போது பெரும்பாலும் 4கேயாகவே வருகின்றன. அங்கே யோசிக்க ஏதுமில்லை. மெய்யான சந்தேகம் எழுவது 32 அங்குலத்தில்தான்: 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட 'எச்டி ரெடி'யா, ஃபுல் எச்டியா? ஆறடி தள்ளிச் செய்தியும் சீரியலும் பார்ப்பவருக்கு முன்னதே போதும். கணினியை இணைத்துப் பொடி எழுத்துகளை அருகிலிருந்து படிக்கும் மாணவர் உள்ள வீட்டில் பின்னதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்.

எதை வாங்குவதாயினும், மயிலை நிறுத்திவிட்டு, செட்டாப் பாக்ஸ் இணைத்த பெட்டியில் வழக்கமாகப் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லி, வீட்டில் அளந்த அந்தத் தூரத்துக்குப் பின்வாங்கி நின்று பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.