எண்ணிய பிறகே வலை!

குழந்தைகளே! உங்கள் அட்லஸை எடுத்து, பசிபிக் பெருங்கடலின் வடபகுதியைப் பாருங்கள். அதைச் சுற்றி அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா ஆகிய நாடுகள் தெரிகின்றனவா? உலகில் கடலில் பிடிக்கப்படும் சால்மன் மீன்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கு நாட்டு வலைகளில்தான் சிக்குகின்றன.

'நார்வேதானே சால்மனுக்குப் பெயர் பெற்ற நாடு?' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால், அவை கூண்டு கட்டி, தீவனம் போட்டு வளர்க்கும் பண்ணை மீன்கள். நாம் பார்க்கப்போவது, கடலில் தாமே இரை தேடி வளரும் மீன்களை!

சால்மன் ஆற்றில் பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். முட்டையிட மீண்டும் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் இறந்துவிடும். திரும்பி வரும் மீன்களையெல்லாம் வழியிலேயே பிடித்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த தலைமுறையே இருக்காது!

அமெரிக்காவின் அலாஸ்காவுக்கு இந்த ஆபத்து வந்தது. 1959-ல் அங்கு கிடைத்தவை சுமார் 2.5 கோடி மீன்கள்தான். அந்த ஆண்டு தனி மாநிலமான அலாஸ்கா, 'முட்டையிடத் தேவையான மீன்கள் முதலில் ஆற்றுக்குள் போகட்டும். மிச்சம்தான் வலைக்கு' என்ற முறையைக் கடைப்பிடித்தது.

மீன்களை எப்படி எண்ணுவது? பிரிஸ்டல் விரிகுடாவில் கலக்கும் சில ஆறுகளின் கரையில் கோபுரம் அமைத்திருக்கிறார்கள். அதில் ஏறி நின்று, ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் எண்ணுவார்கள். அதை 6-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு கிடைத்துவிடும். எண்ணிக்கை குறைந்தால், படகுகள் காத்திருக்க வேண்டியதுதான்!

பலன்? கடலில் இரை நன்றாகக் கிடைத்ததும், குஞ்சு பொரிப்பகங்களும் கைகொடுக்க, 2013-ல் அலாஸ்காவில் 27 கோடிக்கும் அதிகமான மீன்கள் கிடைத்தன. 2022-ல் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு மட்டும் சுமார் 7.9 கோடி மீன்கள் வந்தன. அவற்றில் பிடிபட்டவை சுமார் 6 கோடி. மற்றவை ஆற்றுக்குள் போயின.

மற்ற நாடுகள்? முதலிடத்துக்கு அமெரிக்காவோடு போட்டி போடுவது ரஷ்யா. அங்கு அதிகம் கிடைப்பது இளஞ்சிவப்பு சால்மன். இதன் ஆயுள் இரண்டே ஆண்டுகள்! அதனால் ஆண்டுக்கு ஆண்டு வரத்து ஏறி இறங்கும். 2018-ல் 6 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்த ரஷ்யாவுக்கு, 2024-ல் இரண்டரை லட்சம் டன்கூடக் கிடைக்கவில்லை.

ஜப்பானில், ஹொக்கைடோ தீவின் பொரிப்பகங்களிலிருந்து ஏராளமான குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். ஆனாலும் 1990-களில் கிடைத்த அளவு இப்போது கிடைப்பதில்லை. கடல் நீர் சூடாகி வருவதும் ஒரு காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கனடாவோ, மீன்வரத்து குறைந்ததால், 2021-ல் தன் பசிபிக் கரையில் சால்மன் பிடிக்கும் தொழிலில் சுமார் 60 சதவீதத்தை மூடியது. மீனவர்கள் வலையை மடித்து வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, யார் அதிகம் பிடித்தார்கள் என்பதோடு, யார் எத்தனை மீன்களை ஆற்றுக்குள் விட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டுகளின் வலை நிறைவது அதில்தான் இருக்கிறது.

இதோ, உங்களுக்கு ஒரு கணக்கு: 10 நிமிடத்தில் 350 மீன்கள் கோபுரத்தைக் கடந்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை?

(விடை: 2,100)